ஏழாம் எண் முளை

பியூஜெட் கரைக்கு வடக்கே, டோல்ஃப் ஓடைப் பக்கம்
பிப்ரவரி முழுக்க ஒரே மழை.
முக்காலியில் கருவியை ஏற்றிவிட்டுக்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.
இரண்டு மனை, நடுவே ஒரு கோடு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் யாரோ
சங்கிலி பிடித்து, ஓடையைப் பார்க்காமலே போட்டது.

தெற்கு மனை லைல் பெர்குவிஸ்டுடையது.
ஐந்து ஏக்கர். வீடு கட்ட ஒரு செண்ட் கிடையாது:
ஓடையிலிருந்து நூற்றைம்பது அடி,
சதுப்பிலிருந்து நூற்றுப் பத்து அடி
மண்வெட்டி படக்கூடாது என்கிறது கவுண்டி.
வடக்கே ஆர்டிஸ் ஹோவ்லண்ட்,
படகு எஞ்சின்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவள்.
அவள் மனையின் மூலையில் ஒரு மேடு.
காய்ந்த மேடு. அதுதான் லைலுக்கு வேண்டும்.

"கோட்டை நகர்த்தினால் போதும்" என்றார்,
மேசையை நகர்த்தச் சொல்வதுபோல.
கோடு என்று நினைத்துத்தான் நானும் தொட்டேன்.
தொட்ட பிறகு தெரிந்தது,
இருவருக்கும் அது கோட்டை.

ஈரநிலம் எது என்று தண்ணீரைக் கேட்பதில்லை, மண்ணைத்தான்.
மரிசெல் அபாட் துளைக்கருவியால் ஒரு முழம் உருவி
நிறப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
சாம்பல். சாம்பலுக்குள் துருப்பிடித்த நரம்பு.
"வருடத்தில் பாதி நாள் மூச்சை அடக்கிய மண்" என்று
புதரில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினாள்.
மண் பொய் சொல்லாதாம்.
மனைக்காரர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ரிப்பன்களைப் பின்தொடர்ந்து நான் முளை அடித்தேன்.
வளைந்து, ஆல்டர் மரம் ஒன்றைச் சுற்றி,
நாறும் இலையோடு மஞ்சள் மடல் விரிந்த செடிகளைத் தாண்டி,
பீவர்கள் கட்டிய அணை வரைக்கும்.

அணை லைல் பக்கம் இருந்தது.
ஒவ்வோர் அக்டோபரிலும், கவுண்டிக்குத் தெரியாமல்,
கடப்பாரையோடு வந்து நடுவில் பெயர்ப்பார்.
தண்ணீர் ஒரே இரவில் இறங்கும்.
பீவர்கள் மறுபடி அடைக்கும்.
இருபது வருட வழக்கு; நீதிபதி கிடையாது.

விதி எளிது. புதிதாக ஒரு மனை முளைக்கக்கூடாது,
காப்பு வளையம் ஓர் அங்குலமும் சுருங்கக்கூடாது.
மேட்டில் முப்பது செண்ட் லைலுக்கு.
பதிலுக்கு என்ன வேண்டும் என்று ஆர்டிஸைக் கேட்டேன்.
பணம் என்பாள், சாலைப் பக்கம் என்பாள் என்று நினைத்திருந்தேன்.
வரைபடத்தில் விரலை வைத்தாள். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
அணை.
அதன் பின்னால் தேங்கிய ஒன்றரை ஏக்கர்,
செத்து நிற்கும் மரங்கள் சகிதம்.

"அது வெறும் சேறு, ஆர்டிஸ்" என்றார் லைல்,
ஏமாற்றுகிறோமோ என்ற கூச்சத்தில்.
"ஆமாம்" என்றாள்.
"இனிமேல் உன் கடப்பாரை என் நிலத்தில் கால் வைக்காது."

லைல் அவளைப் பார்த்தார். பிறகு என்னை.
சிரித்தார் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை.
கையெழுத்து மட்டும் தாளைக் கொஞ்சம் கிழித்தது.

பதிவான வரைபடத்தில் கோடு இப்போது
முழங்கை மாதிரி மடங்குகிறது.
எந்த அறிவாளி போட்டான் இதை என்று
நூறு வருடம் கழித்து ஒரு சர்வேயர் என்னைத் திட்டுவான்.

மே மாதம், இரும்பு முளைகளுக்குத் தொப்பி மாட்டப் போனேன்.
மரமுளைகளில் ஏழாம் எண்ணைக் காணோம்.
தேடினால், அணையின் உச்சியில்,
வில்லோக் கொம்புகளுக்கு நடுவே, சேறு பூசி,
ரிப்பனோடு, என் கையெழுத்தில் ஏழு.
ஒரு முனையைப் பல்லால் சீவியிருந்தது
என் கோடரியைவிட நேர்த்தியாக.

தண்ணீர் நான்கு விரல் ஏறியிருந்தது.
விளிம்பு ஏறினால் நூற்றுப் பத்து அடியும் கூடவே ஏறும்,
மேட்டை நோக்கி,
லைல் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய இடத்தை நோக்கி.
நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.
இன்னும் ஒன்பது அடி மிச்சம்.
இந்த வருடத்துக்கு.